அடிச்சட்டமும் மூலைவிட்டமும்

மோட்டார்க் காரைக் காண்போர் அதன் மேனியழகைப் பார்ப்பர். இயந்திரத்தின் ஆற்றலை விசாரிப்பர். அம்மேனியையும் இயந்திரத்தையும் தாங்கி, நான்கு சில்லுகளையும் தத்தம் இடத்தில் நிறுத்திவைக்கும் அடிச்சட்டத்தைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. பட்டறைகளிலே 'செசி' என வழங்கும் இவ்வுறுப்பைத் தம் வீட்டுக் கராஜிலேயே செய்துகொள்ளும் ஒரு சாரார் அமெரிக்காவில் உளர். அவர்கள் அமைக்கும் வண்டிக்கு 'ஹொட் ரொட்' என்று பெயர். அவ்வேலை எங்ஙனம் நடைபெறுகின்றது, அதிலே பிழை எவ்விடத்திற் புகுகின்றது என்பவற்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

இக்கலை தென் கலிபோர்னியாவிலே தோன்றியது. மொஹாவிப் பாலைவனத்தில் மியூரொக், எல் மிராஜ் என நீர் வற்றிய ஏரிகள் உள. அவற்றின் படுகை சீமெந்துத் தரைபோல் இறுகிச் சமனாய்க் கிடக்கும். பழைய போர்ட் கார்களை மலிவாக வாங்கிய வாலிபர்கள், மட்காட் முதலிய பாரங்களைக் கழற்றிவிட்டு, அப்படுகைகளில் வேகம் பார்த்தனர். 1937இல் அவர்தம் கழகங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய நேர ஓட்டச் சங்கத்தை நிறுவின. அவர்கள் பெரிதும் விரும்பியது 1932ஆம் ஆண்டின் போர்ட். எட்டு உருளைகளை 'வீ' வடிவில் அமைத்த 65 பரிவலு இயந்திரத்தைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலைக்குத் தந்த வண்டி அது. திறந்த மேனியுடையது 460 டொலருக்கு விற்றது. போருக்குப் பின் இவ்வார்வம் பெருகிற்று. 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' என்னும் பெயராலேயே ஒரு சஞ்சிகை வெளிவந்தது. தெருக்களிலும் பந்தயம் ஓடியமையால் ஊரார் இவர்களை வெறுத்தனர். வொலி பார்க்ஸ் என்பவர் 1951இல் தேசிய ஹொட் ரொட் சங்கத்தைத் தோற்றுவித்து, ஓட்டங்களை ஒழுங்குக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்படுத்தினார். வீட்டில் ஒட்டிய சட்டம் பிளந்தால் மாள்பவன் அதனை ஒட்டியவன் மட்டுமல்லன் என்பதை அக்காலத்தவர் கண்ணாற் கண்டிருந்தனர்.

இனி, வேலையைக் காண்போம். அடிச்சட்டம் என்பது, சுருங்கக் கூறின், நீண்ட இரு பக்கச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்களும் ஆம். பழைய போர்ட் கார்களின் பக்கச் சட்டம் ஒரு புறம் திறந்த பீலிபோன்றது. அஃது அக்காலத்து இயந்திரத்திற்கும் வீதிக்கும் போதியதாயிருந்தது. வலிய இயந்திரத்தை ஏற்றியதும் அது முறுகத் தொடங்கும். ஆதலால் திறந்த பக்கத்துக்கு உருக்குத் தகடு வைத்து ஒட்டி, பீலியைப் பெட்டியாக்குவர். புதிதாகச் செய்வோர் செவ்வகக் குழாயையே எடுப்பர். 2 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும், சுவர்த் தடிப்பு ஏறக்குறைய 1/8 அங்குலமும் உடைய குழாய் பலராலும் ஆளப்படுவது.

பெட்டியாக்குவதால் வரும் பயனைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஒரு கடதாசியைச் சுருட்டி, விளிம்பை ஒட்டாது இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், இலகுவில் முறுகும். விளிம்பைப் பசையிட்டு ஒட்டியபின் முறுக்குங்கள்; கை நோகும். கடதாசி அதுவே; மூடிய உருவமே வேறுபாட்டைத் தந்தது. மேற்கூறிய அளவுள்ள குழாயையும், அதே தடிப்பில் ஒரு புறம் திறந்த பீலியையும் கணித்து ஒப்பிட்டால், முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் குழாய்க்கு நானூறு மடங்கிற்கும் மேலாகின்றது. உருக்கு ஏறக்குறைய அரைப்பங்கு அளவிலேதான் கூடியிருக்கும்.

பாரத்தைக் குறைக்க வேண்டிச் சட்டத்தில் வட்டத் துளைகள் இடும் வழக்கமும் உண்டு. சட்டம் வளையும்போது அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே மிகுந்த தகைப்பை ஏற்கும். நடு உயரத்தில் அது மிகச் சிறிது. ஆகவே துளை நடுவில் இருந்தாற் பெருந் தீங்கில்லை. விளிம்பருகே இடும் துளையோ வெடிப்புக்குக் கால்கோள் விழாச் செய்வதாகும்.

குழாயை வெட்டுவதும் ஒட்டுவதும் பழகினாற் கைவருவன. அரிய பகுதி அளத்தலே. நிலத்தில் வைத்து ஒட்டத் தொடங்குவோன் நிலத்தின் மேடுபள்ளங்களைச் சட்டத்தில் ஏற்றிவிடுகின்றான். எனவே முதலிற் செய்யவேண்டியது சட்டமன்று. சட்டத்தைக் கிடத்தும் மேடை. கனத்த உருக்கு உத்தரங்கள் இரண்டைத் தாங்கிகளின்மீது வைத்து, நீர்மட்டத்தால் நெடுக்கும் குறுக்கும் சோதித்து, நடுக்கோடு ஒன்றை நூல் கட்டிக் குறிப்பர். பின்னர் எழும் ஒவ்வோர் அளவும் அந்நூலிலிருந்தே எடுக்கப்படும். இம்மேடைக்குச் செலவிடும் நாள்களை வீண் என எண்ணுவோர் பலர். நாமும் அவ்வினத்தவரே என்பதை மறைப்பானேன்? முன்னொருகால் நம் வீட்டு வளவில் ஆட்டுக்கொட்டில் ஒன்று போட்டபோது, நூல் பிடிக்கச் சோம்பிக் கண்ணை நம்பிக் கப்புகளை நட்டோம். கூரை வேயும்போது ஒரு பக்கத்துக் கிடுகு ஒரு சாண் வெளியே நீண்டது. ஆடுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அறுபது மைல் வேகத்தில் ஓடும் சில்லுகள் பொருட்படுத்தும்.

கல்லூரியிலே கேத்திரகணிதம் கற்றோர் இவ்விடத்தில் தம் ஆசிரியரை நினைந்துகொள்வர். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம். 1932ஆம் ஆண்டுப் போர்டின் பக்கச் சட்டங்கள் முன்னே ஒடுங்கிச் செல்வதால் அதன் உருவம் சரிவகத்தை ஒத்தது. எனினும் இருபுறமும் ஒத்த சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 106 அங்குலம். பக்கச் சட்டங்கள் 40 அங்குல இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று கால் அங்குலம் முன்னே நழுவினாற் கண் அதனைக் காணாது. மூலைவிட்டங்களோ ஏறக்குறைய அரை அங்குலம் வேறுபட்டுக் காட்டும். பிழையை இருமடங்காக்கிக் காட்டும் இதனைவிட மலிவான கருவி வேறில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு தூக்குக்குண்டும் போதும். ஆனால் மூலைவிட்டம் முறுக்கத்தைக் காட்டமாட்டாது. அதற்கு நேரான கோல்கள் இரண்டைச் சட்டத்தின் முன்னும் பின்னும் குறுக்கே கிடத்தி, ஒன்றன் விளிம்போடு மற்றதன் விளிம்பு பொருந்துகின்றதா எனக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தல் வேண்டும். தச்சர் பலகையைச் சோதிக்கும் முறை இது.

இவ்வளவு சரிபார்த்த சட்டத்தையும் வெல்டிங் கெடுத்துவிடும். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்குகையில் தன்பக்கமாகச் சட்டத்தை இழுக்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து நீள ஒட்டினால் சட்டம் வாழைப்பழம்போல் வளையும். ஆதலால் முதலிற் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, அளந்து, பிழையிருந்தால் வெட்டித் திருத்துவர். அதன்பின் வலத்தில் ஓர் அங்குலம், இடத்தில் ஓர் அங்குலம், முன்னே சிறிது, பின்னே சிறிது என மாறி மாறி ஒட்டி, இடையிடையே ஆறவிடுவர். விரைவிற் குளிர நீர் ஊற்றுவது தகாது. ஒட்டு முறியும் தன்மை அடையக்கூடும். மேடையிற் பூட்டிய பிடிகளை முற்றும் ஆறியபின்பே தளர்த்துவர். பொறுமையில்லாதார்க்குரிய தொழிலன்று இது.

முன் அச்சின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். சில்லைத் தாங்கித் திருப்பும் ஆணியின் மேல்நுனி சற்றுப் பின்னோக்கிச் சாய்தல் வேண்டும்; சைக்கிளின் முன்கவர் சாய்ந்திருப்பது போல. 5 முதல் 7 பாகை வரையான சாய்வு, வண்டி தானே நேரே செல்ல உதவும். பின்பக்கத்திலே, இயந்திரத்தின் தண்டும் பின் அச்சுப் பெட்டியின் தண்டும் தம்முட் சமாந்தரமாதல் வேண்டும். கோணத்திற் சுழலும் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் தாழ்ந்தும் சுழற்றும். மறுமுனையிலுள்ள மூட்டு அதே கோணத்தில் நின்றாலன்றி அவ்வேறுபாடு நீங்காது, வண்டி அதிரும். தடுப்பைப் பொறுத்தமட்டில், போர்ட் கம்பனி 1939இலேயே திரவ அமுக்கத் தடுப்பைக் கைக்கொண்டது. அன்றுதொட்டு அத்தடுப்புகளைப் பழைய வண்டிகளுக்கு மாற்றிப் பூட்டுதல் இக்கலைஞரின் முதற் கடனாயிற்று.

பளபளப்பு மோகத்தால் வரும் கேடு ஒன்றையும் சொல்லாதிருக்க இயலவில்லை. கடினமாக்கிய உருக்கு ஆணிகளுக்குக் குரோமியம் பூசுகையில் ஐதரசன் உட்புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யலாம். பூசிய சில மணி நேரத்துள் உலையிலிட்டுச் சூடாக்கி அதனை வெளியேற்றுதல் வேண்டும். பூசுவோர் அதனைச் செய்தாரோ இல்லையோ என்பது ஆணியைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒன்றாகவே மின்னும்.

இந்நாளில் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிகளைப் புதிதாகச் செய்து விற்போர் உளர்; மேடையும் நூலும் இன்றி விலைகொடுத்து வாங்கிவிடலாம். ஆயினும் தாமே செய்வோர் குறைந்தாரல்லர். சட்டம் முடிந்து, அச்சுகளும் சில்லுகளும் பூண்டதும், மேனி ஏறுமுன் அதனைக் கையால் தள்ளி வெளியே கொணர்வர். அப்போது ஓர் எளிய சோதனை செய்யலாம். சில்லுகளை நீரால் நனைத்து, உலர்ந்த சீமெந்துத் தரையில் நேரே உருட்டுக. பின் சில்லுகளின் ஈரத் தடம் முன் சில்லுகளின் தடத்தோடு இருபுறமும் ஒரே அளவாய்ப் படிந்தால் நன்று. ஒரு புறம் விலகி ஓடியிருந்தால் வண்டி நண்டுபோற் சாய்ந்து நடக்கின்றது. வர்ணச் சாடியைத் திறவாமல், அளவு நாடாவை மீண்டும் எடுத்தல் வேண்டும்.