எண்ணூரும் நம் அண்டை வீடே!



யானைக்கவுனியில் நான் பாடம் நடத்தும் மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்துவரும் மாணவர் ஒருவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பின்னரும் பல நாட்கள் வகுப்புக்குத் திரும்பவில்லை. அவருடைய வீடு எண்ணூரில். தந்தை படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். ஒருநாள் லுஹர் வேளைக்குச் சற்று முன்பாக மாணவர் வந்து சேர்ந்தார். ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து நெடுநேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். நகக்கண்களில் கரிய எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது.

"ஹஜ்ரத், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கையோடு வுளூ கூடுமா?" என்று கேட்டார்.

மார்க்கச் சட்டம் ஓதியவனுக்கு இதற்கு விடை கூறுவது கடினமன்று. தண்ணீர் தோலைச் சென்றடையாமல் தடுக்கும் பொருள் எதுவாயினும் அதை நீக்க வேண்டும். உண்மையாக முயன்றும் நீங்காததற்கு மன்னிப்பு உண்டு. அதையே சொன்னேன். மாணவர் நிம்மதியோடு ஸஃப்பில் போய் நின்றார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. அந்தக் கறை அவர் கைக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

கறை வந்த வழி

அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னை நகரமே மிதந்தது. நம் யானைக்கவுனித் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, பாலுக்கும் குடிநீருக்கும் அலைந்தோம். ஆனால் எண்ணூர் மக்களின் வாசலுக்கு வெள்ளம் மட்டும் வரவில்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை அள்ளிய காட்சியை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அதே எண்ணூரில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தனர்.

ஒரு குறிப்பிட்ட புயலைச் சுட்டிக்காட்டி, பருவநிலை மாற்றம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது அறிவியல் உண்மை. மழை பெய்யும்போது பெருமழையாகப் பெய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், அக்கால வெப்பத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகம்.

நமக்கும் எண்ணூருக்கும் என்ன உறவு?

"எண்ணூரில் நடப்பதற்கு நாம் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

நம் வீட்டு விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் இயங்குவதற்கு எரியும் நிலக்கரியில் ஒரு பங்கு அங்கேதான் எரிகிறது. 1970களில் தொடங்கப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அதன் வடக்கே 1830 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரு பிரிவுகளும், 1500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையமும் இருக்கின்றன. நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வாயு உலகுக்கெல்லாம் பொதுவாகிவிடுகிறது. சாம்பலோ எண்ணூரிலேயே தங்கிவிடுகிறது. குழாய்களில் கசிந்த சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து மீன்வளம் குன்றிவிட்டதென மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர்.

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு இராயபுரம், ஜார்ஜ் டவுன் வீடுகளில் படிந்தது. வழக்குத் தொடரப்பட்டு, உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் நிலக்கரி உலகை விட்டுப் போய்விடவில்லை. எண்ணூர்த் துறைமுகத்திற்குப் போனது. நம் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் கொட்டியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பது இறைநம்பிக்கையாளனுக்கு அழகன்று என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அண்டை வீடு என்பது சுவரை ஒட்டிய வீடு மட்டும்தானா? நம் மின்சாரத்தின் சாம்பலையும் கால்வாயில் நாம் விடும் கழிவையும் சுமப்பவர் நம் அண்டை வீட்டார் அல்லரா? நாடுகளுக்கிடையிலும் இதே வழக்குதான். மிகச் சிறிதளவே புகை விடும் மாலத்தீவின் தீவுகளில் பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு இழப்பீட்டு நிதியம் ஒன்று வேண்டுமென்பதை உலக நாடுகள் ஏற்றுக்கொள்ள 2022ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

சமுதாயத்தால் முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் சாதி மதம் பாராமல் கதவு திறந்து, தங்க இடமும் உணவும் கொடுத்தன. இளைஞர்கள் இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தனர். 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, வீடுதோறும் குழாய் பதித்தோம். கிணறுகளில் நீர் ஏறியது. ஓசோன் படலத்தை அரித்த வாயுக்களைக் குறைக்க 1987இல் மான்ட்ரியாலில் உடன்பட்ட உலக நாடுகள், அதைச் செய்தும் காட்டின.

ஆனால் நம் குறை எங்கே என்பதற்கும் சான்று உண்டு. பதித்த குழாய்கள் பராமரிப்பின்றித் தூர்ந்தன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ள நாளில் வள்ளல்களாக இருக்கும் நாம், வெள்ளம் வடிந்ததும் மறதியாளர்களாகிவிடுகிறோம். பருவநிலை மாற்றமோ ஒரு நாள் விபத்தன்று. அதற்கு வேண்டியது ஒருநாள் ஈகையன்று. ஆண்டு முழுவதுக்குமான ஒழுங்கு.

எங்கே தொடங்குவது?

வுளூ செய்யும்போது குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் பழக்கத்தை இன்றே விடுவோம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்விரயம் கூடாது என்ற போதனையை நாம் அறியாதவர்கள் அல்லர். அந்த வுளூ நீரையும் கூரை மழைநீரையும் சாக்கடைக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்க ஒவ்வொரு மஹல்லா நிர்வாகமும் உறைகிணறு அமைக்கலாம். பள்ளிவாசல் மாடிகளில் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தலாம். திருமண வீடுகளின் அலங்கார விளக்குகளையும், குப்பைக்குப் போகும் பிரியாணியையும் குறைக்கலாம்.

இவற்றால் மட்டும் உலகம் குளிர்ந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. எந்த மின்நிலையம் எங்கே வருவது, எந்தச் சதுப்பு நிலத்தைத் தூர்ப்பது என்பவை அரசும் பெரும் நிறுவனங்களும் எடுக்கும் முடிவுகள். அவற்றின் மீது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடைபெறும்போது எண்ணூர் மீனவர்கள் தனியே நின்று பேசுகின்றனர். நம் ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அங்கே சென்று, "இவர்கள் எங்கள் அண்டை வீட்டார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்குத் தனி எடை உண்டு. ஜும்ஆ உரைகளில் இதையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம்.

அந்த மாணவர் இப்போது மனனத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். கை நகங்கள் வெட்டுப்பட்டு வளர்ந்து, கறை போய்விட்டது. அவருக்கு நான் சொன்ன சட்டத்தை அவ்வப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். முயன்றும் நீங்காததற்குத்தான் மன்னிப்பு. முயலாமலே விட்டதற்கு நாளை மறுமையில் என்ன விடை சொல்லப்போகிறோம்? இன்றிரவு விளக்கை அணைக்கும்போது சிந்தியுங்கள்.