நடை ஊர்திகளில் கால் ஒத்தியக்கம்

நடை ஊர்திகளில் கால் ஒத்தியக்கம் என்பது, கால்களால் நகரும் ஊர்தியின் மின்னோடிகளை மாறாத கட்ட வேறுபாட்டுடன் இயங்கச் செய்வதாகும். 2015 இல் முன்னோட்ட வடிவில் வெளியான பெசீஜ் போன்ற கட்டுமானக் கணினி விளையாட்டுகளிலும் மெய்யான பொறிகளிலும் இச்சிக்கல் எழுகின்றது.

தேவை

ஆறுகால் ஊர்தியில் ஒரு பக்கத்தின் முன், பின் கால்களும் மறுபக்கத்தின் நடுக்காலும் ஒரு தொகுதியாகும். இத்தொகுதி தரையில் ஊன்றியிருக்க, ஏனைய மூன்று கால்கள் உயர்ந்து முன்னேறும். எனவே இரு தொகுதிகளுக்கும் இடையே 180 பாகை வேறுபாடு இருத்தல் வேண்டும்.

பிறழ்வு

தொகுதிக்கு ஒரு மின்னோடி எனக் கொள்வோம். ஒன்று நிமிடத்துக்கு 60 சுற்றுகளும், சுமையினால் மற்றது 1% குறைவாகவும் சுழன்றால், 50 நொடிகளில் அரைச்சுற்று பின்தங்கும். அப்போது ஆறு கால்களும் ஒருசேர உயர, ஊர்தியின் உடல் தரையில் படியும். தொடக்கத்தில் சீராக நடந்த ஊர்தி பின்னர் விழுவதற்கு இதுவே காரணம்.

தீர்வுகள்

* பொதுத் தண்டு: எல்லாக் கால்களையும் ஒரே வளைதண்டுடன் இணைத்தால் பிறழ்வு சேராது. நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் உருவாக்கிவரும் கடற்கரை உருக்களில் இம்முறை காணப்படுகின்றது.
* கோணக் கட்டுப்பாடு: ஒவ்வொரு மின்னோடியின் கோணமும் பொதுக் கடிகாரத்துடன் ஒப்பிடப்பட்டு, பின்தங்கியது விரைவுபடுத்தப்படும். வேகத்தை மட்டும் சமப்படுத்துதல் போதாது. ஏற்கெனவே ஏற்பட்ட இடைவெளி அதனால் நீங்காது.

இந்தியாவில்

சிங்கரௌலி நிலக்கரிச் சுரங்கங்களில் நடக்கும் டிராக்லைன்கள் பயன்படுகின்றன. இவற்றின் இரு பக்கப் பாதங்களும் ஒரே கட்டத்தில் உயர்ந்து தாழும். இடையில் பொறியின் எடையை அகன்ற அடித்தட்டு தாங்குவதால் அது விழுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* வளைதண்டு
* பின்னூட்டம்