பூனை வளர்க்க ஒரு நற்சான்று



பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துப் பழகியவன் நான். ஓய்வு பெற்றபின் எனக்கே ஒரு சான்று தேவைப்பட்டது. எதற்கென்று கேட்கிறீர்களா? ஒரு பூனையை வளர்ப்பதற்கு!

சமயநல்லூரில் உள்ள என் வீட்டில் நெல் மூட்டைகளை எலிகள் பாழாக்கின. ஆகையால் மதுரையில் ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் ஒரு காப்பகத்திற்குச் சென்று ஒரு பூனை வேண்டினேன். அவர்கள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். வீடு சொந்தமா, வாடகையா? முன்பு வளர்த்த விலங்குகள் யாவை? அவை என்ன ஆயின? அவற்றுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் யார்? அவரிடம் உங்களைப் பற்றி விசாரிக்க இசைகிறீர்களா? இவை அதில் இருந்த கேள்விகள். தெருவில் திரியும் பூனைக்கு இத்தனை விசாரணையா என்று எனக்குச் சினம் வந்தது.

இவ்விசாரணை அமெரிக்கா முதலிய நாடுகளில் பல காப்பகங்களின் வழக்கம். நம் நாட்டிலும் சில காப்பகங்கள் இதனைக் கைக்கொள்கின்றன. உரிமையாளர் இசைவின்றி மருத்துவர் விவரம் சொல்லமாட்டார். இசைவு கிடைத்தால் அவரிடம் கேட்பவை சிலவே: தடுப்பூசிகள் காலத்தில் போடப்பட்டனவா? கருத்தடை அறுவை செய்யப்பட்டதா? நோய் கண்டபோது விரைந்து அழைத்து வந்தாரா, முற்றியபின் வந்தாரா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. ரேபிஸ் என்னும் வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் பரவும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. இதற்கான தடுப்பூசியைப் பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காத்தார். 1907-இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. பூனைக்குட்டிக்கு மூன்றாம் மாத அளவில் இந்த ஊசியைப் போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் போடவேண்டும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கருத்தடையைப் பற்றி ஒரு கணக்கு. பூனையின் கருக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். பிறந்த குட்டியே ஆறு மாத அளவில் தாயாகிவிடக்கூடும். அவ்வாறு பெருகும் குட்டிகள்தாம் சந்தையிலும் சாலையோரத்திலும் வீசப்படுகின்றன.

இப்போது என் கதைக்கு வருகிறேன். படிவத்தில் மருத்துவர் பெயர் எழுதும் இடத்தில் என் பேனா நின்றது. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் ஒரு பூனை இருந்தது, பசுவும் இருந்தது. பசு தீவனம் தின்னாவிட்டால் அன்றே அரசு கால்நடை மருந்தகத்திற்கு ஓடுவேன். பூனைக்காக ஒருநாளும் ஓடியதில்லை. ஒருமுறை அது வாந்தியும் பேதியும் கண்டு மூலையில் சுருண்டது. தானே தேறிவிடும் என்றிருந்தேன். மூன்றாம் நாள் இறந்தது. தடுப்பூசி காத்திருக்கக்கூடிய நோயாகவும் அது இருந்திருக்கலாம். பால் தந்ததற்கு வைத்தியம் பார்த்தேன். எலி பிடித்ததற்குப் பார்க்கவில்லை.

எங்கள் பசுவைப் பார்த்த மருத்துவரின் பெயரை எழுதிவிட்டு, நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன். அவர் காப்பகத்தாரிடம், “ஐயா மாட்டை நன்றாக வைத்திருந்தார், பூனையை நான் பார்த்ததே இல்லை” என்று சொன்னாராம். அதைவிட நேர்மையான நற்சான்றை நானும் எழுதியதில்லை!

இம்முறைக்குக் குறையும் உண்டு. முதன்முதலாக விலங்கு வளர்ப்பவர்க்கு மருத்துவர் ஏது? மருந்தகம் தொலைவில் இருக்கும் ஏழைக்குச் சான்று ஏது? சான்றில்லாமையே குற்றமாகாது. அத்தகையோரின் வீட்டை நேரில் பார்த்தும், அண்டை வீட்டாரைக் கேட்டும், இனிமேல் எந்த மருத்துவரிடம் செல்வார் என்று அறிந்தும் முடிவு செய்வதே நியாயம். எனக்கும் அப்படியே செய்தார்கள். முதலில் மருத்துவர் ஒருவரிடம் பேசி ஏற்பாடு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அதன்பின் பூனையைத் தந்தார்கள்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியை அடுத்து, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். விலங்கை வைத்திருப்பவர் அதன் நலம் பேணவேண்டும் என்பதும், பசியால் வாடுமாறு அதைக் கைவிடுவது குற்றம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளவை.

மாணவர்களே! குட்டியைக் கண்டு ஆசை எழுவது இயல்பு. அதை வீட்டுக்குத் தூக்கி வருமுன், “இது நோயுற்றால் யாரிடம் கொண்டு செல்வேன்?” என்று உங்களை நீங்களே கேளுங்கள். விடை கிடைத்தபின் தூக்கி வாருங்கள். நான் ஆறு ஆண்டுகள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டேன்.