அத்தை அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்

திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில் இன்றும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். என் அத்தையைத் தக்கலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அத்தை அந்த மாநிலத்துக்காரி ஆனார், அவருடைய அண்ணனான என் அப்பா கேரளத்துக்காரர் ஆனார்.

அது சும்மா வந்ததல்ல. 1947-இல் திவான் சர் சி.பி. திருவிதாங்கூரைத் தனி நாடு என்று அறிவித்தார். மலையாளிகள் ஐக்கிய கேரளம் கேட்டார்கள். தெற்கே தலைவர் நேசமணியின் பின்னால் திரண்ட தமிழர்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்றார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. இவ்வளவுக்குப் பிறகும் தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'அங்கே யார் முதலில் இருந்தார்கள்' என்று தொடங்கும்போது எனக்கு எங்கள் காந்தளூர்ச் சாலைதான் நினைவுக்கு வரும். அதன் பெயரைச் சொல்லும் ராஜராஜ சோழன் கல்வெட்டைக் காட்டி இந்தத் தெருவைத் தமிழகத்தில் சேர்க்கச் சொன்னால் யார் ஒப்புவார்கள்? பழமை மண்ணின் மேல் பற்றைத் தரும். அங்கே வாழ்கிறவரை வெளியேற்றும் உரிமையைத் தராது.

சட்டத்திலும் சிக்கல் இந்தப் பழமை வாதத்தில்தான் தொடங்கியது. பிரிட்டனுக்கு 1922-இல் தரப்பட்ட பாலஸ்தீன ஆட்சிப் பொறுப்பு ஆவணம் யூத மக்களின் வரலாற்றுத் தொடர்பை ஏற்றது. பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களையோ 'யூதரல்லாத சமூகங்கள்' என்ற சொல்லுக்குள் அடக்கி, சிவில், மத உரிமைகளோடு நிறுத்திக்கொண்டது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33-க்கு 13 வாக்குகளில் இரு நாடுகளைப் பரிந்துரைத்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அரபுத் தரப்பும் ஏற்கவில்லை. போர் மூண்டது. இஸ்ரேல் 1949-இல் ஐ.நா. உறுப்பினராயிற்று.

மாநில எல்லை மாறியபோது அத்தையின் வீடும் வாக்கும் அவரிடமே இருந்தன. பஸ் ஏறினால் அண்ணன் வீடு. மேற்குக்கரைப் பாலஸ்தீனருக்குத் தம்மை அடக்கியாளும் அரசைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு கிடையாது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்த கொலைகளைச் சுயநிர்ணயம் என்று சொல்ல என் வாய் வராது. காஸாவில் குழந்தைகள் சாவதைத் தற்காப்பு என்று சொல்லவும் வராது.

யூதர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு, ஒன்று மற்றதை அழிக்காது என்பதே என் முடிவு. சர்வதேச நீதிமன்றம் 2004-இல் பாலஸ்தீனரின் சுயநிர்ணய உரிமையை உறுதிசெய்தது. 2024 ஜூலை 19 அன்று, ஆக்கிரமித்த பகுதிகளில் இஸ்ரேல் இருப்பது சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிய வேண்டும் என்று கருத்துரைத்தது. 1988-இலேயே இந்தியா அங்கீகரித்த பாலஸ்தீனம் இன்றும் ஐ.நா.வில் பார்வையாளர் நாடுதான்.