ஒரே பந்தியில் உணவு

உணவின் பயனை அதிலுள்ள சத்தைக் கொண்டே அளப்பது வழக்கம். ஆனால் அதை யாருடன், எந்த வரிசையில் உண்பது என்பதும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் தொடர்புடையதாகும்.

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை இப்பொருளை ஆராய்ந்துள்ளது. வாரத்தின் பகல், இரவு உணவுகள் பதினான்கில் எத்தனை வேளை தெரிந்தவர்களுடன் உண்ணப்பட்டன என்று 142 நாடுகளில் கேட்கப்பட்டது. அடிக்கடி பிறருடன் உண்டவர்கள் கூடுதல் மனநிறைவைத் தெரிவித்தனர். இலத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்பது. தெற்காசியாவில் நான்குக்கும் குறைவு. சேர்ந்து உண்பதால் மகிழ்ச்சி பெருகுகிறதா, மகிழ்ச்சியுடையோர் சேர்ந்து உண்கின்றனரா என்பதை இக்கணக்கு மட்டும் முடிவு செய்துவிடாது.

கூட்டுக் குடும்பத்திற்குப் பெயர்பெற்ற பகுதியில் எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருப்பது வியப்பளிக்கலாம். ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் அனைவரும் ஒரே வேளையில் உண்பதில்லை. நமது நாட்டின் பல இல்லங்களில் ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின், சமைத்த பெண் எஞ்சியதை உண்கிறாள். பருப்பும் காய்கறியும் தீர்ந்திருந்தால் சோறோ ரொட்டியோ மட்டுமே அவளுக்கு மிஞ்சும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும் ஆடவரில் 25 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை உள்ளது. மாதவிடாயும் மகப்பேறும் இவ்வேறுபாட்டிற்கு முக்கியக் காரணங்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய உணவு அவளுக்கே கடைசியில் கிடைக்கிறது.

பந்தியின் பயனைப் பள்ளிகளில் காணலாம். 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்கப் பணித்தது. தானியத்தை வீட்டிற்குக் கொடுத்தனுப்பினால் அது யாருக்குச் சென்றது என்று அறிவது கடினம். வரிசையில் அமர்ந்து உண்ணும்போதோ எந்தக் குழந்தையின் தட்டில் குறைவு என்பது உடனே தெரிந்துவிடும். சமைப்பவரின் சாதியைக் காட்டிச் சில ஊர்களில் எதிர்ப்பு எழுந்ததும் உண்டு. பந்தி எந்த வேற்றுமையை அகற்றுகிறது என்பதை அவ்வெதிர்ப்பே உணர்த்துகிறது.

இதே முறை இல்லத்திலும் ஏற்கத்தக்கது. குடும்பத்தினர் அனைவரும் ஒரு வேளையேனும் சேர்ந்து உண்டால், இருப்பது சிறிதேயாயினும் எல்லார் கண்முன்னும் பங்கிடப்படும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அங்கன்வாடிகளில் தாய்மாருக்குக் கூறப்படும் ஊட்டச்சத்து அறிவுரையை ஆடவருக்கும் மாமியாருக்கும் கொண்டு செல்வது அவசியம். பந்தியில் அவளுக்கு இடம் தரவேண்டியவர்கள் அவர்களே.