வீட்டோடு வண்டிப் பட்டறை: எத்தனை அடிக்கு எத்தனை அடி போடலாம்?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகளிலும் காக்களூர் சிட்கோவிலும் வேலை பார்த்துக் கை தேர்ந்தவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களில் பலருக்கும் ஒரு ஆசை உண்டு: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தில் ஒரு ஷெட் போட்டு, சொந்தமாக வண்டி வேலை பார்க்க வேண்டும். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால் கொத்தனார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி போடணும்?" என்பதுதான்.

"இருக்கிற இடம் பூரா போட்டுடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பெரிதாகப் போட்டால் கையில் இருக்கும் பணமெல்லாம் தகரத்திலும் இரும்பிலும் போய்விடும். கருவி வாங்கக் காசு இருக்காது. மதில் வரை இழுத்துக் கட்டினால் அனுமதிச் சிக்கலும் வரும். ரொம்பச் சின்னதாகப் போட்டால் கார் உள்ளே போகும், கதவைத் திறக்க முடியாது. சரியான அளவுக்கு வர வழி ஒன்றுதான்: முதலில் வண்டியை அளங்க, அப்புறம் மனையை அளங்க. இரண்டும் பொருந்துகிற இடத்தில்தான் ஷெட்டின் அளவு இருக்கிறது.

வண்டியை வைத்து அளவு எடுங்க

நீங்கள் உள்ளே ஏற்றப்போகும் மிகப் பெரிய வண்டி எது என்று முடிவு செய்யுங்கள். நம்ம ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை 4 மீட்டருக்குள், அதாவது சுமார் 13 அடி நீளத்துக்குள் இருக்கும். அகலம் ஏறக்குறைய 5½ முதல் 6 அடி. டாடா ஏஸ் மாதிரி குட்டி யானையும் இந்த நீளத்துக்குள் அடங்கிவிடும். இன்னோவா கிரிஸ்டா என்றால் நீளம் 15½ அடி, அகலம் 6 அடி. ஸ்ப்ளெண்டர் மாதிரி பைக்குக்கு நீளம் 6½ அடி, ஹேண்டில்பாரோடு அகலம் 2½ அடி போதும்.

இது வண்டி நிற்க வேண்டிய இடம் மட்டும். வேலை பார்க்க ஆளுக்கும் இடம் வேண்டுமே. அந்தக் கணக்கு இப்படி:

• காரின் இரண்டு பக்கமும் 3 அடி. கதவைத் திறக்கவும், குனிந்து சக்கரத்தைக் கழற்றவும் இவ்வளவாவது தேவை.
• முன்பக்கம் 3 அடி. இன்ஜின் வேலை நடப்பது அங்கேதான்.
• பின்பக்கம் 2 அடி.
• வைஸ் பூட்டும் மேஜைக்கு 2 அடி.

ஆக, சின்ன கார் ஒன்றுக்கு அகலம் 12 அடி, நீளம் 20 அடி. மொத்தம் 240 சதுர அடி. இன்னோவா வரும் என்றால் நீளத்தை 23 அடியாக்குங்கள். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அகலம் 24 அடி வேண்டாம். நடுவில் உள்ள 4 அடி நடைபாதை இரண்டுக்கும் பொதுவாகிவிடும் என்பதால் 22 அடியே போதும். பைக் வேலைக்கு ஒரு வண்டிக்கு 6 அடிக்கு 9 அடி ஒதுக்கினால் தாராளம்.

கட்டிட விதிகளில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 8 அடிக்கு 16½ அடி என்று பார்த்திருப்பீர்கள். அது வண்டியை நிறுத்த மட்டும்தான். அதே அளவில் பட்டறை போட்டால் ஸ்பேனர் பிடிக்கக்கூட இடம் இருக்காது.

மனையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம். மனை 40 அடிக்கு 60 அடி, அதாவது ஒரு கிரவுண்ட். வீட்டின் அகலம் 22 அடி. மீதி 18 அடி இருக்கிறதே, கார் பட்டறைக்கு 12 அடி தாராளமாகக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் காலியாக விட வேண்டிய இடத்தை, அதாவது செட்பேக்கைக் கழிக்க வேண்டும். பக்கத்துக்கு 5 அடி என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 8 அடிதான். அந்த மனையில் முறைப்படி கார் பட்டறை போட முடியாது. ஆனால் அருமையான பைக் பட்டறை போடலாம். 8 அடி அகலத்தில் இரண்டு பைக் வரிசையாக நிற்கும். என்ன தொழில் என்பதையே மனை முடிவு செய்துவிடும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

செட்பேக் எவ்வளவு என்பது சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டிடத்தின் உயரம், பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இவை உள்ளன. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் உங்கள் மனைக்கு உரிய அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் செல்போனிலேயே அரசின் நிலப் பதிவேட்டு மின்சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் இறக்கி, மனையின் அளவு சரிதானா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அது குடியிருப்புக்கு மட்டும். பட்டறையை "கார் ஷெட்" என்று வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்கினால், பிறகு தொழில் உரிமம், மின் இணைப்பு, வங்கிக் கடன் கேட்கப் போகும்போது காகிதம் ஒன்று சொல்லும், கட்டிடம் ஒன்று சொல்லும். பட்டறை என்றே சொல்லி, உங்கள் மனை எந்த நிலப்பயன்பாட்டில் வருகிறது, அங்கே பட்டறைக்கு இடம் உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

அகலத்தைப் பின்னால்கூடக் கூட்டலாம், கூரையை உயர்த்துவது கஷ்டம். பின்னாளில் லிஃப்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள். காரின் உயரம் 5½ முதல் 6 அடி; அதன் அடியில் ஆள் நிற்க இன்னொரு 6 அடி. ஆக, உத்தரத்துக்குக் கீழே 12 அடியாவது காலியாக இருக்க வேண்டும். லிஃப்ட் நிற்கும் இடத்தில் காங்கிரீட் எவ்வளவு தடிமன் என்பதை லிஃப்ட் தயாரிப்பாளர் கொடுக்கும் தாளைப் பார்த்துப் போடுங்கள்.

லிஃப்டுக்குப் பதில் குழி வெட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் போய்த் தங்கும். ஒரு சின்னப் பொறி போதும். அதோடு தாழ்வான இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி கிணறாகிவிடும். பேஸ்மட்டத்தைத் தெருவைவிட உயர்த்துங்கள், வண்டி ஏற ஒரு சாய்தளம் விடுங்கள். அந்தச் சாய்தளத்துக்கும் மனையில் நீளம் தேவை என்பதை மறக்காதீர்கள்.

வேஸ்ட் ஆயிலுக்கும் ஒரு இடம்

பலரும் வரைபடத்தில் விட்டுவிடுவது இதைத்தான். சின்ன காருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் சுமார் 3½ லிட்டர் பழைய எண்ணெய் வரும். மாதம் 10 கார் என்றால் 35 லிட்டர், மூன்று மாதத்தில் 105 லிட்டர், பாதி ட்ரம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இதை 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். எனவே ஒரு ட்ரம், அதன் அடியில் கசிவைப் பிடிக்கும் தொட்டி, பழைய பேட்டரிக்கு ஒரு தட்டு என 4 அடிக்கு 4 அடி ஒதுக்குங்கள். மழைத் தண்ணீர் எட்டாத, கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளிய மூலையாக இருக்கட்டும்.

ஒரு முறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தில் நம் கண்ணாலேயே பார்த்தோம். உங்கள் பட்டறையின் எண்ணெய் முதலில் போய்ச் சேருவது உங்கள் வீட்டுக் குடிதண்ணீரில்தான்.

வாட்டர் வாஷ், பெயின்டிங் இரண்டையும் ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டுமா என்று யோசியுங்கள். இடமும் கூடும், கழிவுநீர் வசதியும் தேவைப்படும், அண்டை வீட்டாருக்கும் தொந்தரவு. எதைச் செய்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் உங்களுக்கு என்ன இசைவு தேவை என்று கேட்டுவிடுங்கள்.

கரண்ட் எந்தக் கணக்கில்?

சொந்த வண்டியை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஷெட் என்றால் வீட்டு இணைப்பு போதும். காசுக்கு வேலை பார்த்தால் தனி இணைப்பு வாங்க வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின் கீழ் வரும். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படும். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும். கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், லிஃப்ட் என்று உங்கள் கருவிகளின் மொத்தத் திறனை எழுதிக்கொண்டு போய் மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். எந்த வகை இணைப்பு என்று சொல்வார்கள்.

கடன் தேவையென்றால் காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கட்டும் முன் ஒரு ஒத்திகை

கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். செட்பேக்கை விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஷெட்டின் அளவைத் தரையில் கோடு போடுங்கள். மேஜைக்கும் ட்ரம்முக்கும் கட்டம் வரையுங்கள். தெரிந்தவரின் காரை உள்ளே நிறுத்தி நான்கு கதவையும், பானெட்டையும், டிக்கியையும் திறந்து பாருங்கள். ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். செல்போனில் படம் எடுத்துப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

தொடக்கத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் சரியாகப் போடுங்கள். இடம் இருந்தால் இரண்டாவது வண்டிக்கான பக்கத்தைச் சுவர் வைக்காமல் திறந்தே விடுங்கள். வாடிக்கையாளர் கூடும்போது கூரையை மட்டும் நீட்டிக்கொள்ளலாம்; அதற்கும் திருத்திய வரைபட அனுமதி வாங்க வேண்டும். அரசுச் சேவைகளில் தாமதமோ குறையோ இருந்தால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ஐ அழைக்கலாம். மின்சாரம் தொடர்பாக மின்னகம் 94987 94987.