டர்போ ஹேட்ச்பேக் கார்களுக்குப் பெரிய இன்டர்கூலர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

கோடைக்காலத்தில் வட இந்தியச் சமவெளியிலும் விதர்ப்பாவிலும் பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில், டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்ட சிறிய கார்களின் உரிமையாளர்கள் ஒரே குறையைக் கூறுவதுண்டு. காலையில் துடிப்பாக ஓடும் கார், நண்பகல் நெரிசலைக் கடந்து நெடுஞ்சாலையை அடைந்ததும் சோர்ந்துவிடுகிறது. லாரியை முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்தினாலும் எதிர்பார்த்த இழுவை கிடைப்பதில்லை. இதற்குத் தீர்வாகக் கடைகளில் முன்வைக்கப்படுவது, காருடன் வந்ததைவிடப் பெரிய இன்டர்கூலர். அது எல்லாக் கார்களுக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. சில கார்களில் செலவுக்கேற்ற பயன் ஏதும் இருப்பதில்லை.

நீளம் 4 மீட்டருக்கும், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்கும் மிகாத கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. இவ்வரம்புக்குள் கூடுதல் ஆற்றலைப் பெறவே நிறுவனங்கள் சிறிய என்ஜினுடன் டர்போவை இணைக்கின்றன. மாருதி பலேனோ ஆர்எஸ், ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேசர் ஆகியவை இவ்வழியில் வந்தவை. பின்னவை இரண்டும் 120 பிஎஸ் ஆற்றல் கொண்டவை.

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதே இன்டர்கூலரின் தேவைக்கு அடிப்படை. வெளிவெப்பம் 40 டிகிரி, டர்போ தரும் கூடுதல் அழுத்தம் 1 பார், டர்போவின் செயல்திறன் 70 சதவீதம் எனக் கொண்டால், அதிலிருந்து வெளியேறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 138 டிகிரியாக இருக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு. எனவே சிலிண்டருக்குள் செல்லும் ஆக்சிஜனும் குறைவு. அதைவிட முக்கியமாக, எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் 'நாக்கிங்' அபாயம் எழுகிறது. இதைத் தவிர்க்க என்ஜினின் கணினியான ஈசியூ, தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்தி, தேவையெனில் டர்போவின் அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது. ஓட்டுநர் உணரும் சோர்வு பெரும்பாலும் இதுவே.

70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் 138 டிகிரி காற்றைச் சுமார் 69 டிகிரிக்குக் குளிர்விக்கும். 80 சதவீதத் திறனுள்ள புதிய ஒன்று அதனைச் சுமார் 60 டிகிரிக்குக் கொண்டுவரும். இந்த 9 டிகிரி வேறுபாட்டால் காற்றின் அடர்த்தி உயர்வது ஏறக்குறைய 3 சதவீதம் மட்டுமே. விளம்பரங்கள் உறுதியளிக்கும் பெரும் ஆற்றல் உயர்வுக்கும் இக்கணக்குக்கும் தொடர்பில்லை. ஆனால் நெரிசலில் நின்று நின்று சென்றோ, மலைப்பாதையில் தொடர்ந்து ஏறியோ பழைய இன்டர்கூலரின் உலோகம் சூடேறி, அதன் திறன் 40 சதவீதமாகச் சரிந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது என்ஜினுக்குச் செல்லும் காற்று 99 டிகிரியில் இருக்கும்; 60 டிகிரிக் காற்றுடன் ஒப்பிட்டால் அடர்த்தி வேறுபாடு 12 சதவீதத்தை நெருங்கும். ஆகவே பெரிய இன்டர்கூலர் புதிய ஆற்றலை உருவாக்குவதில்லை. வெப்பத்தில் இழந்ததை மீட்டுத் தருகிறது. இழப்பே இல்லாத காருக்கு அது வீண்.

இழப்பு உள்ளதா என்பதை அறிவது கடினமன்று. காரின் ஓபிடி இணைப்பில் பொருத்தும் சிறு கருவியும் கைப்பேசிச் செயலியும் இருந்தால், என்ஜினுக்குள் செல்லும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கலாம். அந்த உணரி இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பதை மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்வது அவசியம். காற்று வடிகட்டி அருகே உள்ள உணரியின் அளவு இதற்குப் பயன்படாது. சீரான ஓட்டத்தில் அந்த வெப்பம் வெளிவெப்பத்தைவிடச் சற்றே உயர்ந்திருப்பது இயல்பு. அடுத்தடுத்து வேகமெடுக்கும்போது அது ஏறிக்கொண்டே போய், பின்னர் இறங்க மறுத்தால் மட்டுமே இன்டர்கூலர் மீது ஐயம் கொள்ள வேண்டும். குழாயில் சிறு கசிவு, தளர்ந்த கிளாம்ப், சேறும் பூச்சிகளும் அடைத்த தகடுகள் ஆகியவையும் காரைச் சோர்வடையச் செய்யும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு என்பதாலேயோ என்னவோ, விற்பனையாளர்கள் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மாற்றுவது என முடிவெடுத்தபின், பெட்டியில் அச்சிடப்பட்ட குதிரைத்திறனைவிட இன்டர்கூலருக்குள் ஏற்படும் அழுத்த இழப்பையே முதலில் கேட்க வேண்டும். புதியது கூடுதலாக 0.1 பார் அழுத்தத்தை விழுங்கினால் 5 சதவீத அடர்த்தி போய்விடும். மேற்சொன்ன 3 சதவீத ஆதாயம் அதிலேயே கரைந்துவிடும். இழந்த அழுத்தத்தை ஈடுசெய்ய ஈசியூ டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவைக்கும். காற்று மேலும் சூடாகும்.

அடுத்தது வடிவம். தடிமனைவிட, எதிர்க்காற்றைச் சந்திக்கும் முகப்பரப்பே முக்கியம். தடித்த இன்டர்கூலரின் பின்பகுதிக்கு முன்பகுதியில் சூடான காற்றே கிடைக்கிறது. அதே காற்றுதான் பின்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் செல்கிறது. மே மாத வெயிலில் ஏசி குளிராமல் போனால், சில பிஎஸ் கூடியதில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது. 'பார் அண்டு பிளேட்' வகை கனமானது, சூடேறத் தாமதமாகும். ஆனால் சூடேறிவிட்டால் தணியவும் தாமதமாகும். 'டியூப் அண்டு ஃபின்' வகை இலேசானது, காற்றைப் பின்னால் எளிதாக விடுகிறது. அன்றாட நகர ஓட்டத்துக்குப் பிந்தையதும், மலைப்பாதைக்கும் பந்தயத்தடத்துக்கும் முந்தையதும் பொருந்தும். பெரிய இன்டர்கூலரால் டர்போவின் தாமதம் மிகும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. 120 பிஎஸ் என்ஜின் முழு ஆற்றலில் நிமிடத்துக்குச் சுமார் 5 முதல் 6 கிலோ காற்றை உள்ளிழுக்கிறது. கூடுதலாக 3 லிட்டர் கொள்ளளவை நிரப்ப அதற்கு நொடியில் சிறு பகுதியே போதும்.

ஃபோக்ஸ்வேகனின் இஏ211 வகை டிஎஸ்ஐ என்ஜின்கள் பலவற்றில் இன்டர்கூலர், காற்று உட்செல்லும் மேனிஃபோல்டுக்குள்ளேயே அமைந்து நீரால் குளிர்விக்கப்படுகிறது. இவற்றில் முன்பக்க இன்டர்கூலரை வாங்கி மாட்டுவது எளிதன்று. நீரைக் குளிர்விக்கும் முன்பக்க ரேடியேட்டரையும் பம்பையும் கவனிப்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

பொருத்தும்போது இடம் போதவில்லை எனக் கூறிப் பம்பருக்குப் பின்னுள்ள உலோகச் சட்டத்தை வெட்டும் வழக்கம் சில ஒர்க்ஷாப்களில் உண்டு. விபத்தின் தாக்கத்தைத் தாங்குவதற்கான பாகம் அது. அதை வெட்ட வேண்டிய இன்டர்கூலர் அந்தக் காருக்கு உரியதல்ல. பம்பரின் கீழ்விளிம்புக்கு வெளியே தொங்கும் இன்டர்கூலரும் வேகத்தடைகளில் நீண்ட நாள் தாங்காது.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இன்டர்கூலர் பதிவுச் சான்றிதழில் குறிப்பிடப்படும் பாகம் அன்று எனினும், அதனுடன் ஈசியூவை ரீமேப் செய்து ஆற்றலையும் புகை அளவையும் மாற்றினால் சிக்கல் பெரிதாகும். என்ஜின் உத்தரவாதம் மறுக்கப்படவும் வாய்ப்புள்ளது என்பதால், உத்தரவாதக் காலம் முடியும் வரை காத்திருப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட வேண்டும். கழற்றிய பழைய இன்டர்கூலரையும் குழாய்களையும் ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வருவதும் நன்று; காரை விற்கும்போது அவற்றைக் கேட்பவர்கள் உண்டு.